அம்மா ஏறாத படகு

அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டெம்போ கிளம்பியது. அதன் பின்தட்டில் ஜஹானாரா, அவள் தம்பி சுலைமான், அத்தா அப்துல் ஜப்பார், அம்மா ரோஷன் பேகம் நான்கு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஒரு ஸ்டவ், ஒரு டின் மண்ணெண்ணெய், இட்லிப் பானை, ஆப்பச்சட்டி, இரண்டு சாக்கு சாமான். ஜஹானாராவின் காலடியில் ஓர் அம்மிக்கல்.

"அம்மிக்கல் எதுக்கும்மா?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"சமையல் நீங்களே பாத்துக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காருல்ல? அங்க போயி எதுல அரைக்கிறது, உன் தலையிலயா?" என்றாள் அம்மா.

அந்த டாக்டருக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு சின்ன வீடு இருந்தது. பள்ளிக்கூட லீவு நாட்களில் அதைக் குடும்பங்களுக்கு விடுவார். மூன்று நாள் தங்கலாம், தாங்களே சமைத்துச் சாப்பிடலாம். ஊட்டிக்குப் போகுமளவுக்கு அத்தாவுக்கு ஃபாக்டரியில் லீவு கிடைக்கவில்லை. "ஊட்டியிலயும் ஏரிதான் இருக்கு, இங்கயும் ஏரிதான் இருக்கு" என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெகதாம்பாள் சாவியோடு வாசலில் நின்றாள். டெம்போவிலிருந்து அம்மிக்கல் இறங்குவதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா பாயம்மா, லீவுக்கு வந்துகீறியா, குடித்தனம் வந்துகீறியா? உள்ள எல்லாப் பாத்திரமும் கீது. அம்மிகூட கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் பார்வை கரையில் கட்டியிருந்த படகின் மேலேயே இருந்தது.

"அக்கா, இதுல ஏறலாமா?" என்று ஜெகதாம்பாளைக் கேட்டாள்.

"ஏறலாமே! தோ, நடு ஏரியில திட்டு தெரியுதா? மரம் பூரா நாரையும் கொக்கும். துணி காயப்போட்டாப்பல வெள்ளையா கீதுங்க பாரு. நானே தள்ளிக்கினு போறேன். ஆனா காலையில எட்டு மணிக்குள்ள வந்துடணும். அப்பால காத்து தூக்கிடும், படகு உடமாட்டேன்."

"நாளைக்கே வாரேன்" என்றாள் அம்மா. அவள் தன் வாழ்நாளில் படகில் ஏறியதே இல்லை.

மறுநாள் அம்மா இருட்டோடு எழுந்து பூரி சுட்டாள். லீவுக்கு வந்த இடத்தில் நல்லதாகச் சாப்பிட வேண்டாமா? ஏழரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அம்மா! எனக்கு இன்னும் ரெண்டு பூரி!" என்றான் சுலைமான்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். பூரி சுட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் மாட்டினாள்.

"ரோஷன், இன்னொரு டீ கிடைக்குமா?" என்றார் அத்தா.

அம்மா மணியைப் பார்த்தாள். "நீங்களும் ஜானாவும் போயிட்டு வாங்க. நான் டீ போட்டு வெச்சு, சின்னவனையும் பாத்துக்குறேன். நாளைக்குப் போறேன்."

ஜஹானாரா போய்வந்தாள். நாரைக் குஞ்சுகள் வாயைப் பிளந்ததையும், ஒரு கொக்கு அத்தாவின் தலைக்கு மேலே உரசிப் பறந்ததையும் மூச்சு விடாமல் சொன்னாள். அம்மா பூரிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டாள்.

அதற்கடுத்த நாள் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். அன்றைக்கு அம்மா கரை வரைக்கும் போய்விட்டாள். ஒரு காலைப் படகுக்குள் வைத்தும் விட்டாள்.

"அம்மா! என் சிவப்பு ரிப்பன் எங்கே?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். அம்மா காலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பெட்டிக்கடியில், பாய்க்கடியில், சாக்குக்குள் எல்லாம் தேடினாள். ரிப்பன் கொல்லைப்புறக் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் எட்டாகி, காற்றும் எழும்பிவிட்டது. ஜெகதாம்பாள் படகை இழுத்துக் கட்டினாள்.

"கால மட்டும் படகுல வெச்சிட்டு, காத ஊட்லயே உட்டுட்டு வர்றியே பாயம்மா!"

அம்மா சிரித்துவிட்டு உள்ளே போனாள். ஜஹானாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கூப்பிட்டது அவள்தானே! இனி நாளைக் காலைப்பொழுது ஒன்றுதான் பாக்கி. மத்தியானம் டெம்போ வந்துவிடும். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "நாளைக்குக் காலையில என்ன செய்ய? இடியாப்பமா, அடையா?"

ஜஹானாரா கரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து போய், "அம்மா, எனக்கு நாளைக்குப் பழைய சோறு வேணும்" என்றாள்.

"லீவுக்கு வந்த இடத்துலயா? ஜெகதாம்பா அக்கா சிரிப்பாங்கடி!"

"நான் இன்னாத்துக்கு சிரிக்கப் போறேன்? தெனமும் நான் துன்றதே அதான்" என்றாள் வாசலில் நின்ற ஜெகதாம்பாள்.

ஜஹானாரா அத்தாவின் முழங்கையில் ஓர் இடி இடித்தாள். அத்தா புரிந்துகொண்டார்.

"எனக்கும் பழைய சோறுதான்" என்றார். முகம் மட்டும் கஷாயம் குடித்தாற்போல இருந்தது.

"எனக்கும்! முறுக்கு தரேன்னு ஜானாக்கா சொல்லிச்சு!" என்றான் சுலைமான்.

அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள்.

அவள் குழாயடிக்குப் போனதும் ஜஹானாரா மாநாடு கூட்டினாள். "நாளைக்குப் படகு திரும்பி வர்ற வரைக்கும் யாரும் அம்மான்னு கூப்பிடக் கூடாது."

"நான் எப்ப அம்மான்னு கூப்பிட்டேன்?" என்றார் அத்தா.

"ரோஷன்னும் கூப்பிடக் கூடாது."

அத்தா தலையைச் சொறிந்துகொண்டார்.

கடைசி நாள் காலை. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். வீடு கப்சிப் என்று இருந்தது. நாலடி நடந்து திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் வேணாமா?"

"வேணாம்!" மூன்று குரல்கள்.

அம்மா படகில் ஏறினாள். ஜெகதாம்பாள் கழியை ஊன்றித் தள்ளினாள். படகு பத்தடி போயிருக்கும், அப்போது பார்த்து சுலைமான் நெருஞ்சிமுள்ளை மிதித்துவிட்டான்.

"அம்..." என்று ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "...மிக்கல்!" என்று கத்தி முடித்தான்.

"என்னடா?" அம்மா படகிலிருந்து திரும்பினாள்.

"அம்மிக்கல்லை மறக்காம டெம்போல ஏத்தணுமாம்! நீ போயிட்டு வா!" என்று அத்தா கையை ஆட்டினார்.

ஜஹானாரா தம்பியை மடியில் போட்டு முள்ளை எடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டே அழுதான். பிறகு அத்தா டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். ஃபாக்டரியில் யானை மாதிரி மெஷினை ஓட்டுகிறவர்தான். ஆனால் ஸ்டவ்விலிருந்து கரும்புகைதான் வந்தது. "ரோ..." என்று வாயெடுத்தவர் அதை அப்படியே விழுங்கிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார்.

படகு திட்டை நெருங்கியது. சட்டென்று மரம் முழுவதும் வெள்ளையாகக் கிளம்பி வானத்தில் விரிந்தது. அதுவரை படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்த அம்மா இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். தண்ணீரின் மேல் அவள் சிரிப்புச் சத்தம் மிதந்து வந்தது. அம்மா இப்படிச் சிரித்து ஜஹானாரா கேட்டதே இல்லை.

"அது உங்கம்மாதானா?" என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார் அத்தா.

படகு திரும்பியதும் அம்மா நனைந்த புடவைக் கரையைப் பிழிந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். யார் சாப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. ஸ்டவ்வை என்ன செய்தீர்கள் என்றும் கேட்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு ஏரியையே பார்த்திருந்தாள்.

பிறகு சொன்னாள்: "பசிக்குது. யாராவது எனக்குச் சோறு போடுங்களேன்."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஓடிப்போய்ச் சமையலறை வாசலில் முட்டிக்கொண்டார்கள்.