பாண்டியம்மாளின் மாத்திரைகள்

கூழ்க் கிண்ணத்தை வாங்கத் திரும்பிய பாண்டியம்மாளின் கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது. முகம் தோளைத் தாண்டிச் சுவரைப் பார்க்க, கண்கள் மெல்ல மெல்ல மேலே ஏறி வெறும் வெள்ளையாகி, வாயோரம் எச்சில் ஒழுக, ஈர அம்மியில் குழவி இழுபடுவதுபோல் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

அவள் புருசன் நல்லகாமன் தேங்காயோடு ஓடிவந்து அண்ணன் பெண்டாட்டி ஒச்சம்மாளைக் கூப்பிட்டான். "ஆத்தா எறங்கிட்டா மதினி. சூடத்தை எடுங்க."

ஒச்சம்மாளுக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருசமாக அந்த வீட்டுச் சாமி அவள் மேல்தான் வந்தது. உசிலம்பட்டிச் சந்தைக்குப் போகிறவர்கள் அவளிடம் குறி கேட்டுவிட்டுத்தான் மாடு பிடிப்பார்கள். புத்தி பேதலித்து மதுரை டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிவந்த எட்டாம் நாளே, நேற்று வந்தவளுக்கா இந்த யோகம்? இரண்டே வெள்ளிக்கிழமையில் ஊர் முழுக்க இளையவள் காலடியில் கிடந்தது. ஒச்சம்மாள் ஆடினால் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. அவளுக்கு ஒருநாளும் கண் அப்படிச் செருகியதில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

தெளிந்திருந்த நேரத்தில் இளையவளைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

"சாமியும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. மாத்திரை போட்டா உள்ளருந்து முறுக்குது. வாயத் தொறந்து சொல்ல முடியல."

எந்த வழியாக வந்தால் என்ன, வருவது சாமிதானே என்று ஒச்சம்மாள் நினைத்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இளையவளின் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒரு கை நிறைய விழுங்கினாள்.

பொழுது சாய, உறுமிச் சத்தமும் சாம்பிராணிப் புகையும் வீட்டை நிறைக்க, கூடத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளின் நாக்கு வாய்க்குள் மெதுவாகத் தடித்தது. கால்கள் நிலைகொள்ளவில்லை. தாடை ஒரு பக்கம் கோணியது. அப்புறம் கழுத்து. யாரோ பின்னாலிருந்து முடியைப் பிடித்து வளைப்பதுபோல். யாருமில்லை.

"மூத்தவுகளுக்கும் வந்துருச்சு."

உறுமி நின்றது. அத்தனை பேரும் அவள் முன்னால் விழுந்தார்கள். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. கண் உத்தரத்தில் குத்தி நின்றது. இறக்க முடியவில்லை.

"அது சாமி இல்ல, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க," என்று பாண்டியம்மாள் கதறினாள்.

"கிறுக்கச்சிய வெளிய கொண்டு போங்கப்பா," என்றது ஒரு குரல். கதவு சாத்தப்பட்டது.

ஒச்சம்மாளின் மூச்சு தொண்டையில் நின்றது. கீழே இறங்கவில்லை. மேலேயும் வரவில்லை.

"மழை எப்ப வரும் ஆத்தா?"

கூட்டம் கும்பிட்ட கையோடு பதிலுக்குக் காத்திருந்தது.