சிப்பிச் சந்தின் கதவு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கில் உப்புப் பூக்கட்டும். நடந்தது நடந்தபடியே கீழே இருக்கிறது.

தூத்துக்குடியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகும் ஊர் பார்க்க வருகிற கூட்டம் குறையவில்லை. காலையில் பிலோமினா மச்சாடோ படகு நிறைய ஆளேற்றி, ஆளுக்கொரு நினைவுக்கண்ணாடி மாட்டிவிடுவாள். மாட்டியதும் வெறுந்தண்ணீர்மேல் ஊர் எழும்பும்.

"வலப்பக்கம் மீன் ஏலக்கூடம். மூக்கப் பொத்தாதீங்க, வாசனைக்குத் தனி டிக்கெட்டு. அந்தா பேக்கரித் தெரு. மக்ரூன் அம்புட்டு ருசி. திங்கத்தான் முடியாது."

கண்ணாடியில் தெரிவதெல்லாம் ஊர்க்காரர்களின் ஞாபகம். அங்கே குடியிருந்த இருவர் ஒன்றுபோலச் சொன்னால் தெரு நிற்கும். மாற்றிச் சொன்னால் அங்கே தண்ணீர்தான். பேக்கரித் தெருவுக்கும் உப்புக் கிட்டங்கிக்கும் நடுவே அப்படியொரு பொத்தல் இருந்தது. பிலோமினா பிறந்த சிப்பிச் சந்து அது. பயணிகள் கேட்டால், "பல்லு விழுந்த எடம்" என்று சொல்லிப் படகைத் திருப்பிவிடுவாள்.

சந்தில் மிஞ்சியவர்கள் அவளும் எதிர்வீட்டு ரெமிஜியுஸும் மட்டும். கிணறு, முருங்கை எல்லாவற்றிலும் ஒத்துப்போன இருவரும் ஒரு கதவில் முட்டிக்கொண்டார்கள். கடல் ஏறிய அன்று ரெமிஜியுஸின் அம்மா பிலோமினா வீட்டு மாடியை நம்பி ஓடினாள், பிழைக்கவில்லை. கதவு சாத்தியிருந்தது என்றான் அவன். திறந்துதான் கிடந்தது, உன் அம்மாதான் வந்து சேரவில்லை என்றாள் இவள். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது ஊர்க்காரர்களின் ஞாபகத்தைப் பதிகிற சாட்சி இலாகா கெடு வைத்துவிட்டது. கடைசியாக ஒரே ஒருமுறை சொல்லலாம். ஒத்துவராவிட்டால் பொத்தல் ஒரு பற்பசை விளம்பரத்துக்குப் போய்விடும்.

பிலோமினா படகை அவன் வாசலுக்கே விட்டாள். "ஏறும்வே."

"ஒம் படகுல ஏற ஒரு சாவாவது விழணும்னு நெனச்சேன். பற்பசையே போதும் போல."

சந்து இருந்த இடத்தில் நங்கூரம் போட்டார்கள். இலாகா கொடுத்த சாட்சிப்பெட்டியில் பேச இரண்டு குழாய்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி, ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். கிணறு ஒத்துப்போனது, பச்சை விளக்கு. முருங்கைக்கும் பச்சை. அடுத்தது கதவு.

பிலோமினா அவனைப் பார்த்தாள். வயதாக ஆக அவன் முகத்தில் அவன் அம்மாவின் சாயல் ஏறியிருந்தது. குழாயில் வாய்வைத்துச் சொன்னாள்.

சிவப்பு.

"என்னவே சொன்னீரு?"

"தெறந்து கெடந்துச்சுன்னேன். ஒனக்காவத்தான். நீ?"

"சாத்தியிருந்துச்சுன்னு."

பெட்டி நன்றி சொல்லி அணைந்தது.

"கூறுகெட்டவளே! இத்தன வருசம் சொன்னதையே இன்னைக்கும் சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீரு மட்டும் சொன்னீராக்கும்!"

விக்கல் எடுக்கும்வரை சிரித்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "சாத்தித்தான் இருந்துச்சா?"

"அப்பா தாழ்ப்பாள்ல வச்ச கைய எடுக்கல. நானும் எடுங்கன்னு சொல்லல, ரெமி."

நங்கூரக் கயிற்றை அவனே இழுத்தான்.

இப்போது அந்த இடத்தில் பனையுயரப் பற்கள் பளீரென்று சிரிக்கின்றன. ரெமிஜியுஸ் தினமும் படகின் முன்பலகையில் கண்ணாடி மாட்டாமல் உட்கார்ந்து வருகிறான். யாரென்று பயணிகள் கேட்டால் பிலோமினா, "எங்க எதிர்வீடு" என்கிறாள்.

அன்று படகில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை; அங்கே நடந்ததை இருவரும் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை.