நடுவில் விட்ட இடம்

விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிட்டது அந்த வீட்டில். சவுரியம்மாளை அடுப்பு மூட்டக்கூட விடாமல், கொழுந்தன் இருதயராஜ் அவள் மகள் மேரியின் கடிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி; அங்கே போடுகிற சத்தத்தை வீட்டிலும் போடுவான், மகராசன்!

"இன்னா அண்ணி இது? என்னைக் கேக்காம, வேலூர் போர்டிங்ல மேரிக்குத் துணைன்னு எவளையோ வச்சிருக்கீங்களா? படிச்சது போதும். பத்து மணி வண்டியில போயி இட்டாந்துர்றேன்!"

"நான் யாரையும் அனுப்பலியே தம்பி…"

"பொய் சொல்லாதீங்க! கேளுங்க!" கோபத்தில் பாதிதான் படித்திருந்தான் போலும். உரக்கப் படித்தான்.

'அம்மா, என் பெட்டியில் தோல் வாடை அடிக்கிறதென்று இங்கே ஒருத்தியும் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு ஓடி வந்துவிடலாமென்று அழுதேன். நீ அனுப்பிய அக்கா வந்த பிறகுதான் தைரியம். பேசவே மாட்டாள். நான் கண் அசந்தால் காலைத் தட்டுவாள். இப்போது மூன்று பேர் என்னோடு சேர்ந்து படிக்கிறார்கள். நடுவில் அவளுக்கும் இடம் விட்டு உட்காருகிறோம். நம்மூர் ஷாப்பில் தோலுக்குப் போடும் பட்டையின் கறை படிந்த விரலால் வரி காட்டுவாள். அந்த விரலில் நகமே இல்லை…'

அந்த வரியையே அவன் மறுபடி படித்தான்.

சவுரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. பிலோமினா! மேரிக்கு நினைவு தெரியுமுன்பே காய்ச்சலில் போன மூத்த மகள். நாலாங் கிளாஸோடு நிறுத்தி அவளை ஷாப்புக்கு அனுப்பியவன் இந்த இருதயராஜ்தான். தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி அவள் நகத்தைத் தின்றது. புருஷன் போன வீட்டில் வேறு வழி ஏது என்று, சவுரியம்மாள் இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தப்பு என்னுதுதான் தம்பி… செத்தவங்க துணிய முப்பதாம் நாள் பூசைக்குள்ள யாருக்காச்சும் குடுத்துரணும், இல்லேன்னா அவங்க போவமாட்டாங்க. அவ தாவணிய மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டேன். போத்திக்க ஒண்ணும் இல்லாம மேரி போர்டிங் போறாளேன்னு அதைத்தான் பெட்டியில வச்சேன்!"

"நான் சிலேட்டைப் புடுங்கினப்ப அவ அழவேயில்ல அண்ணி… என்னையே பாத்துக்கிட்டு நின்னா…" இருதயராஜ் விம்மி விம்மி அண்ணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "தாவணிய வாங்கியாந்து யாருக்காச்சும் குடுத்துரலாமா? புள்ள நிம்மதியா போவட்டும்…"

"வேணாம்!" சவுரியம்மாளுக்குக் கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "மேரி பரீட்சை முடியிற வரைக்கும் அவ இருக்கட்டும்."

அவன் எழுந்து வெளியே போனான். பத்து மணி வண்டி அவனில்லாமலே போயிற்று. திரும்பி வந்தபோது கையில் காகிதம் சுற்றிய புதுச் சிலேட்டு!

"நாளைக்கு மேரியப் பாத்துட்டு வர்றேன். முறுக்கோட இதையும் கட்டிக் குடுங்க."

"மேரி சிலேட்டெல்லாம் எப்பவோ தாண்டிட்டாளே தம்பி?"

"மேரிக்கு இல்ல அண்ணி."