டங் டங் செல்வின்

செல்வினுக்கு நாலு வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் இருக்கும் வீட்டில் சத்தத்துக்குக் குறைச்சலே கிடையாது.

காலையில் எழுந்ததும் கட்டில் காலைத் தட்டுவான். பல் தேய்க்கும்போது குடத்தைத் தட்டுவான். கதவு, டம்ளர், சன்னல் கம்பி எதையும் விட்டுவைக்க மாட்டான். ஒரு நாள் பக்கத்து வீட்டு சுருளியாண்டி மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய வழுக்கைத் தலையையும் தட்டிவிட்டான். நல்ல வேளை, மாமா கோபக்காரர் இல்லை.

"சத்தம் நல்லா வருதாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கூடலூரில் அந்தத் தெருவே அவனுக்கு 'டங் டங் செல்வின்' என்று பெயர் வைத்துவிட்டது.

அவனுடைய அக்கா பெனிட்டாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே பிடிக்காது. பெனிட்டா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தம்பியைப் பற்றி யாராவது ஒன்று சொன்னால் போதும், அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

செல்வினுக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தேனியில் டாக்டர் சொல்லியிருந்தார். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷர்மின் அக்காவிடம் அவனை அடிக்கடி கூட்டிப் போவார்கள்.

"இவனுக்கும் சொல்றதுக்கு நிறைய இருக்கு. சொல்ற விதம்தான் வேற மாதிரி இருக்கும். 'சொல்லு, சொல்லு'ன்னு நெருக்காம, என்ன செய்றான்னு கவனிச்சுப் பாருங்க" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள்.

எதிர்வீட்டு அக்கம்மாள் அத்தை மிட்டாயைக் காட்டி, "அத்தை சொல்லு, தாரேன்" என்பார். கடைக்காரர், "மாமா சொல்லு" என்பார். அப்பா பீட்டர்ராஜ் சாயங்காலம் வந்ததும் செல்வினைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அப்பா சொல்லுடா. ஒரே ஒரு வாட்டி" என்று கெஞ்சுவார்.

செல்வின் அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தட்டுவான். அப்பா சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். பெனிட்டா அதைப் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு சிக்கல் வந்தது.

செல்வின் போகிற அங்கன்வாடி, பெனிட்டாவின் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சாயங்காலம் அவனைக் கூப்பிட அம்மாவும் பெனிட்டாவும் போனபோது லத்திபா டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஞானசெல்வி, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குச் சோத்து வட்டிலை விசிறி எறிஞ்சுட்டான். பக்கத்துல இருந்த பாப்பா மேல சாம்பார் கொட்டிருச்சு. நல்லவேளை, சூடு இல்ல" என்றார்.

உதவியாளர் பொன்னாத்தாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நான் ஒன்னும் குறை வைக்கலத்தா. வட்டிலை ஒரு தட்டு தட்டுனான். பிள்ளைக்குப் பசின்னு இன்னொரு கரண்டி வச்சேன். திரும்பத் தட்டுனான். திரும்ப வச்சேன். அதுக்குத்தான் எறிஞ்சுட்டான்."

"மத்த பிள்ளைக பயப்படுதுக. திங்கக்கிழமை ஒரு நாள் பாப்போம். அன்னைக்கும் இப்படின்னா, கொஞ்ச காலம் வீட்டுலயே வச்சுக்கங்க" என்றார் டீச்சர். அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அம்மா செல்வினின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். பெனிட்டா தம்பியையே பார்த்துக்கொண்டு பின்னால் போனாள். அங்கன்வாடி என்றால் செல்வினுக்கு உயிர். காலையில் எல்லாருக்கும் முன்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பான். அங்கே போகக் கூடாது என்றால் அவன் என்ன செய்வான்? அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

மறுநாள் சனிக்கிழமை. அம்மா திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டப் போய்விட்டார். அப்பா பிள்ளைகள் இரண்டு பேரையும் தன் ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார்.

அப்பாவின் ஜீப் கூடலூருக்கும் குமுளிக்கும் நடையாக நடக்கும். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள், சாமான் வாங்கப் போகிறவர்கள் என்று எப்போதும் கூட்டம்தான். அதில் கண்டக்டர் கிடையாது. பின்னால் கடைசியாக ஏறுகிறவர்தான் கண்டக்டர். அவர் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கும். இரண்டு தட்டு தட்டினால் கிளம்பும். அப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

செல்வின் பெனிட்டாவின் மடியில் உட்கார்ந்திருந்தான். அவள் முழங்காலை ஆட்டி ஆட்டி அவனைக் குதிக்கவைத்தாள். அவனுக்கு ஒரே குஷி. கால் வலித்ததும் நிறுத்தினாள்.

செல்வின் அவள் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினான்.

"சரி, சரி" என்று மறுபடி ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆனதும் செல்வின் ஒரு தட்டு தட்டினான். பெனிட்டா வெளியே வேடிக்கை பார்த்தபடி ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவன் மறுபடி ஒரு தட்டு தட்டினான். அவள் நிறுத்தவில்லை. செல்வின் வீல் என்று கத்தினான்.

அதே நேரம் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்பா பிரேக் போட்டார். பை நிறையக் காய்கறியோடு ஒரு அக்கா இறங்கினார். 'டங் டங்' என்று கேட்டதும் ஜீப் கிளம்பியது.

பெனிட்டா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செல்வின் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவள் மெல்ல மறுபடி முழங்காலை ஆட்டத் தொடங்கினாள். செல்வின் ஒரு தட்டு தட்டினான். உடனே நிறுத்தினாள். செல்வினின் கத்தல் பட்டென்று நின்றது. பெனிட்டா காத்திருந்தாள். அவனும் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல இருந்தான். பிறகு இரண்டு தட்டு தட்டினான்.

அவள் ஆட்டினாள். அவன் சிரித்தான்.

"அப்பா" என்றாள் பெனிட்டா. அவள் குரல் அவளுக்கே வேறு யார் குரலோ போல இருந்தது. "நம்ம செல்வின் பேசுறான்பா."

"என்னத்தா சொல்லுற?"

"வீட்டுக்குப் போயி காட்டுறேன்."

வீட்டில் செல்வினைக் குளிப்பாட்டுவது என்றால் ஒரு போராட்டம். ஒருத்தர் பிடிக்க வேண்டும், ஒருத்தர் ஊற்ற வேண்டும். அவன் போடும் கூச்சலில் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்று சாயங்காலம் பெனிட்டா, "யாரும் பிடிக்க வேணாம். நான் ஊத்துறேன்" என்றாள்.

ஒரு சொம்பு ஊற்றினாள். அடுத்த சொம்பு ஊற்றும்போது செல்வின் வாளியில் ஒரு தட்டு தட்டினான். பெனிட்டா சொம்பை அப்படியே நிறுத்தினாள்.

"ஹோல்டான்" என்றாள், வண்டியை நிறுத்த ஜீப் ஸ்டாண்டில் சொல்வது போலவே.

செல்வின் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டான். மூக்கை உறிஞ்சினான். சாவகாசமாக ஒரு மூச்சு விட்டான். பிறகு வாளியில் இரண்டு தட்டு தட்டினான்.

"ரைட்" என்று சொல்லி ஊற்றினாள் பெனிட்டா.

இப்படியே ஹோல்டானும் ரைட்டுமாகக் குளியல் முடிந்தது. கூச்சல் இல்லை, அழுகை இல்லை. எதிர்வீட்டு அக்கம்மாள் அத்தை பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "என்ன, இன்னைக்குச் சத்தத்தையே காணோம்? பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா?"

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தானே சோதித்துப் பார்த்தார். இட்லியைப் பிட்டு ஊட்டினார். செல்வின் வட்டிலில் ஒரு தட்டு தட்டினான். எப்போதும் "இன்னும் ஒரு வாய்" என்று திணிக்கிற அம்மா, அன்று கையை எடுத்துக்கொண்டார். அவன் சமத்தாக எழுந்து கை கழுவப் போனான்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை நாளும் வேணாம், வேணாம்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். நான் பாட்டுக்கு ஊட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஜீப்புல எவன் தட்டுனாலும் எனக்குக் கேக்குது. எம்புள்ள வீட்டுக்குள்ள தட்டுனது கேக்கலையே, ஆத்தா."

"இப்பக் கேட்டுருச்சுல்ல" என்றாள் பெனிட்டா.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'சொல்லு' என்ற சொல்லையே சொல்லவில்லை. செல்வின் ஒரு தட்டு தட்டினால் 'ஹோல்டான்.' இரண்டு தட்டினால் 'ரைட்.' சுருளியாண்டி மாமாகூடத் தானாகவே தலையைக் குனித்துக் காட்டினார்.

ஆனால் திங்கட்கிழமையை நினைத்தால் பெனிட்டாவுக்குத் திக்கென்றது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து என்ன பயன்? டீச்சருக்குத் தெரிய வேண்டும். டீச்சரோ அத்தனை பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை அழும், ஒரு பிள்ளை ஓடும். அந்த அமளியில் செல்வின் தட்டுவது எப்படிக் கேட்கும்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

திங்கட்கிழமை செல்வினைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே அங்கன்வாடிக்குப் போய்விட்டாள். லத்திபா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"டீச்சர், மணி அடிக்கிற வரைக்கும் நான் பிள்ளைகளோட ஒரு விளையாட்டு விளையாடட்டா?"

"ஆடு, ஆடு" என்றார் டீச்சர்.

பெனிட்டா பிள்ளைகளை ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கவைத்தாள். "இது ஜீப். குமுளி போற ஜீப். யாரு டிரைவர்?"

எல்லாக் கையும் மேலே போனது. முன்னால் நின்ற பையனை டிரைவர் ஆக்கினாள். செல்வினைக் கடைசியில் நிறுத்தி, அவன் கையில் ஒரு காலி பவுடர் டப்பாவைக் கொடுத்தாள்.

"செல்வின்தான் கண்டக்டர். ரெண்டு தட்டுனா எல்லாரும் 'ரைட்'டுன்னு சொல்லிக் கிளம்பணும். ஒன்னு தட்டுனா 'ஹோல்டான்'னு நிக்கணும். தட்டலேன்னா வண்டி போகாது."

பிள்ளைகள் காத்திருந்தார்கள். செல்வின் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இரண்டு தட்டு தட்டினான்.

"ரைட்" என்று கத்திக்கொண்டு ஜீப் கிளம்பியது. கரும்பலகையைச் சுற்றியது. பொன்னாத்தாளின் துடைப்பத்தைச் சுற்றியது. 'டங்' என்றதும் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு ஆட்டம் கிடைத்தால் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? பள்ளி மணி அடித்தது. பெனிட்டா மனமே இல்லாமல் வகுப்புக்குப் போனாள்.

அன்றைக்கு நடந்த கணக்குப் பாடம் அவள் மண்டையில் ஏறவே இல்லை. மதிய மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அங்கன்வாடி சன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாத்தாள் செல்வினுக்குச் சாம்பார் சாதம் வைத்தார். அவன் வட்டிலில் ஒரு தட்டு தட்டினான். பொன்னாத்தாள் பழக்க தோஷத்தில் இன்னொரு கரண்டியை அள்ளினார். பெனிட்டா சன்னல் கம்பியைப் பிடித்து எம்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு கத்தல் கேட்டது.

"ஹோல்டான்!"

அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தியிருந்தார்கள். பொன்னாத்தாளின் கரண்டி நடுவழியில் நின்றது. கரண்டியிலிருந்து ஒரு பருக்கை மட்டும் கீழே விழுந்தது.

"ஆத்தாடி, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்றார் பொன்னாத்தாள்.

செல்வின் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தான். வட்டிலில் இருந்ததைத் தீர்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, இரண்டு தட்டு தட்டினான்.

"ரைட்டு ஆயா, ரைட்டு" என்று பிள்ளைகள் பொன்னாத்தாளை விரட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வைத்தார்.

லத்திபா டீச்சர் சன்னல் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற பெனிட்டாவைப் பார்த்து, "நாளைக்கும் அந்த டப்பாவக் குடுத்துவிடு" என்றார்.

அதன்பிறகு செல்வின் ஒரு நாள்கூட வட்டிலை எறியவில்லை. சண்டை போடுகிற பிள்ளைகளின் நடுவே போய் ஒரு தட்டு தட்டுவதுதான் அவனுடைய புது வேலை என்று டீச்சர் சொன்னார். தேனிக்குப் போனபோது ஷர்மின் அக்காவிடமும் பெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெனிட்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்த ரெண்டு வார்த்தைய நீங்க சொல்லிக்கிட்டே இருங்க. அவனைச் சொல்லச் சொல்லி மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அரையாண்டு லீவு வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கோம்பையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அம்மாவும் பெனிட்டாவும் ஜீப்பின் பின்னால் ஏறினார்கள். கடைசியாகச் செல்வினை ஏற்றி, அம்மா மடியில் இருத்திக்கொண்டார்.

அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. ஆனால் அவர் கிளம்பவில்லை. கடைசியாக ஏறியவர்தானே கண்டக்டர்?

செல்வின் கையை நீட்டித் தகரத்தில் தட்டினான். டங், டங்.

"ரை" என்றான்.

சின்னக் குரல்தான். பெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெனிட்டாவைப் பார்த்தார். அப்பாவுக்குக் கேட்டிருக்குமா என்று பெனிட்டா எட்டிப் பார்த்தாள். கேட்டிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

வண்டி நகரவில்லை. கண்டக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

டங், டங். இந்தத் தடவை பலமாகத் தட்டினான்.

"இந்தா போறேன், போறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா கியரைப் போட்டார்.