இடது பக்க சீட்

மடத்துக்குளம் தாண்டி, பழைய கார் ஒன்றை விற்க இருந்த ஆத்தப்பன் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. கரும்புக் காட்டுக்கு நடுவில் பழைய மச்சு வீடு. சித்திரை வெயிலில் கண் கூசியது. பயப்படுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. எனக்கு இருந்த ஒரே பயம், என் வீட்டுக்காரர் கதிர்வேல் இன்னொரு ஓட்டை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறாரே என்பதுதான்.

அருள்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. அவர் ஆர்டர் பிடிப்பார். செக்கிங் என் பொறுப்பு. பதினான்கு வருஷமாகத் தாலிக்கு மேலே இன்ச் டேப்பும் என் கழுத்தில் தொங்குகிறது. கண்ணில் படுவதையெல்லாம் அளந்து பார்க்கிற வியாதி எனக்கு அப்படி வந்தது. அவருக்கு வந்த வியாதி பழைய வண்டி.

வீட்டை ஒட்டிய கொட்டகையில், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் அது நின்றது. அந்தக் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். மேல்கூரை கிடையாது, நீளமான மூக்கு, இரண்டே பேர் உட்காரலாம். ஆனால் ஒரு சீட்தான் இருந்தது. இடது பக்கம் வெறும் தகரம். நான்கு போல்ட்டுகளையும் யாரோ ரம்பம் போட்டு அறுத்திருந்தார்கள்.

"ஏனுங்ணா, இந்தப் பக்கத்துச் சீட்டு எங்கீங்க?" என்று கேட்டார் கதிர்வேல்.

"அப்பாவே அறுத்துப் போட்டாருங்க," என்றார் ஆத்தப்பன். அறுபது வயது இருக்கும், வண்டிக்குக் கிட்டே வராமல் வாசலிலேயே நின்றிருந்தார். "நீங்களும் அந்தப் பக்கம் ஒண்ணும் வெச்சுராதீங்க. ஒருத்தர் ஓட்டறதுக்கு ஒரு சீட்டுப் போதுமுங்க."

"பழைய வண்டின்னா ஒரு கதை இல்லாம இருக்குமா," என்று என் காதில் முணுமுணுத்துச் சிரித்தார் இவர்.

வீட்டுக்குள்ளே ஆத்தப்பனின் தங்கை முத்தாத்தாள் காப்பி கொண்டுவந்தார். ஐம்பது வயது தாண்டிய முகம். உடம்பு மட்டும் எங்கள் மகள் தேஜஸ்ரீ அளவுதான். எட்டு வயது சைஸ் என்று என் கண் அதுவாகவே கணக்குப் போட்டது. மூன்று பேர் உட்காரும் சோபாவில் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மெத்தை துளிகூட அமுங்கவில்லை. அதே சோபாவின் மறு ஓரத்தில், யாரும் இல்லாத இடத்தில், நன்றாகப் பள்ளம் விழுந்திருந்தது. தேய்ந்துபோன இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்ல ஃபோமா இருக்குதுங்க. எங்க வாங்குனீங்க?" என்று நான் கேட்டேன்.

முத்தாத்தாள் என்னையே பார்த்துவிட்டுக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி எங்கள் கார் ஷெட்டுக்கு வந்தது. ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, வண்டிக்கு அடியில் இரண்டு கால் தெரியும். இறுகிப்போன இன்ஜினுக்குள் டீசலை ஊற்றிப் பதினைந்து நாள் ஊறவைத்து, கையாலேயே சுற்றி விடுவித்தார். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். துருவைச் சுரண்டி, ஒட்டுப் போட்டு, பட்டி பார்த்து, கடைசியில் ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்தார். துடைப்பதற்கு எங்கள் கம்பெனி வேஸ்ட் துணி மூட்டை மூட்டையாகப் போனது. இடது பக்கத் தரையைச் சுரண்டியபோது மட்டும் காய்ந்த சேறும் நத்தை ஓடுகளும் வந்தன. கொட்டகையில் காய்ந்து கிடந்த வண்டிக்குள் நத்தை எப்படி வந்தது என்று யோசித்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

புரட்டாசியில் அவர் சொன்னார்: "பொங்கலுக்குப் பாப்பாவை இதுல வெச்சு அமராவதி டேம் வரைக்கும் போறோம். அவளுக்குன்னே ஒரு சீட்டு அடிக்கப்போறேன்."

"அந்த மனுஷன் வேண்டாம்னு சொன்னாருல்லங்க?"

"வண்டி இப்ப என்றதா, அவரோடதா?"

எங்கள் கட்டிங் மாஸ்டர் அங்கமுத்து, பாப்பாவைக் கட்டிங் டேபிள் மேல் உட்காரவைத்து அளவெடுத்தார். உட்கார்ந்த அகலம் பத்து இன்ச். முதுகிலிருந்து முழங்கால் பதினைந்து. அட்டையில் பேட்டர்ன் வரைந்து, ரெக்சின் வெட்டி, ஃபோம் வைத்துத் தைத்தார். கடைசியில் பின்பக்கம் ஒரு லேபிளும் வைத்தார். தேஜஸ்ரீ, சைஸ் எட்டு.

"சீட்டுக்கு எதுக்குங்க மாஸ்டர் லேபிளு?" என்று கேலி செய்தேன்.

"லேபிள் இல்லாம ஒரு பீஸும் என்ற டேபிளை விட்டு எறங்காதுங்க அம்மிணி," என்றார்.

அளவு பார்த்து, தையல் பார்த்து, சாக்பீஸால் டிக் போட்டுப் பாஸ் பண்ணியது நான்தான். இதை நினைத்து நான் அழாத நாள் இல்லை.

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் காது கேட்கும். மற்ற நாளெல்லாம் மெஷின் சத்தம். சீட் மாட்டிய அடுத்த ஞாயிறு, வெயில் கொளுத்தும் இரண்டு மணிக்கு, ஷெட்டுக்குள்ளிருந்து வண்டியின் வில்பட்டை முனகியது. யாரோ ஏறி உட்காரும்போது வருகிற சத்தம்.

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. புது சீட்டில் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது.

பூனை படுத்திருக்கும் என்று திட்டிக்கொண்டே டேப்பை வைத்தேன். அகலம் ஆறு இன்ச். முன்பக்கம் இரண்டு தொடைகள் அழுந்திய தடம் தனித்தனியாகத் தெரிந்தது. பூனை அப்படி உட்காராது.

கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. வாய்க்கால் பாசி வாசம் வந்தது.

அடுத்த வாரம் தேஜஸ்ரீயின் ஸ்கூல் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கொக்கியை உள்ளே தள்ளித் தைத்தேன். அதற்கடுத்த வாரம் மறுபடியும் தள்ளித் தைத்தேன். டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. அவள் நன்றாகச் சாப்பிட்டாள், ஓடினாள், வழக்கம்போல என்னோடு சண்டை போட்டாள். ஆனாலும் குறைந்துகொண்டே வந்தாள்.

ஒரு நாள் அவளை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்தினேன். ஆடி மாதப் பிறந்தநாளுக்கு அங்கே பென்சிலால் கோடு போட்டிருந்தோம்.

அவள் தலை கோட்டுக்கு ஒரு இன்ச் கீழே இருந்தது.

குழந்தை இளைக்கலாம். குள்ளமாகுமா?

"உன்ற டேப்பு நைஞ்சு போயிருக்கும் பூங்குழலி," என்றார் இவர். "ஒரு இன்ச் முன்னப்பின்ன இருக்கறதெல்லாம் டாலரன்ஸ்." சிரிக்கப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வரவில்லை. இரும்பு டேப் எடுத்துவந்து அவரே அளந்தார். அப்புறம் வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் தனியாக ஷெட்டுக்குப் போனேன். பள்ளம் ஏழரை இன்ச் ஆகியிருந்தது. காலையில்தான் பாப்பாவை அளந்திருந்தேன். உட்கார்ந்த அகலம் எட்டரை. அவளிடம் குறைந்த அதே ஒன்றரை இன்ச் இங்கே கூடியிருந்தது.

அங்கேயே நின்று ஆத்தப்பனுக்கு ஃபோன் போட்டேன்.

"சீட்டு வெச்சுட்டீங்களாக்கும்," என்றார், எடுத்தவுடனே.

"என்னங்க அது? சொல்லுங்க. என்ற புள்ள தேஞ்சுக்கிட்டே போறாளுங்க."

அவர் சொன்னார். "பெரியாத்தான்னு எனக்கு இன்னொரு தங்கச்சிங்க. எட்டு வயசு. அப்பா கூட அந்தப் பக்கம் உக்காந்து போனா. வண்டி வாய்க்கால்ல கவுந்துருச்சு. அப்பா பொழைச்சுக்கிட்டாரு, அவ போயிட்டா. வண்டியைத் தூக்கிச் சரிபண்ணி வெச்ச பொறகு, சின்னவ முத்தாத்தா அந்தச் சீட்டுல ஏறி வெளையாடுவா. அவளும் இப்படித்தானுங்க தேய ஆரம்பிச்சா. அப்பறந்தான் அறுத்துப் போட்டோமுங்க."

"அறுத்ததும் சரியாயிருச்சுங்களா?"

"உசுரோட இருக்கறா பாத்தீங்கள்ல." அவர் குரல் தாழ்ந்தது. "நீங்க சும்மா சீட்டுத்தான வெச்சீங்க?"

நான் அளவெடுத்ததைச் சொன்னேன். லேபிளைச் சொன்னேன்.

"பேரு எழுதி அளவும் குடுத்துட்டீங்களா அம்மிணி," என்றார். ஃபோன் கட்டாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும், சீட்டைக் கழற்ற ஸ்பேனர் பெட்டி எடுக்கக் கதிர்வேல் கம்பெனிக்குப் போனார். பாப்பா வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வரும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் மண்டியிட்டேன். இடது சீட்டின் பின்பக்கம் கையை விட்டு லேபிளைத் தேடிப் பிடித்தேன்.

முதல் தையலை வெட்டினேன்.

வண்டி லேசாக இடதுபக்கம் சாய்ந்தது.

இரண்டாவது தையல். என் கண் முன்னால் அந்தப் பள்ளம் ஆழமாகியது. ரெக்சின் முறுகும் சத்தம் கேட்டது. இரண்டு தொடைத் தடங்களும் மெல்லத் திரும்பி, என் பக்கம் பார்த்து நின்றன.

பாசி வாசம் மூக்கில் ஏறியது.

மூன்றாவது தையல்.

"அம்மா." காதோரத்தில், என் மகளின் குரல். "அது என்ற சீட்டும்மா."

நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இதைச் சொல்ல இருந்திருக்க மாட்டேன். சாமி, சாமி என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே மிச்சத்தை ஒரே இழுப்பில் பிய்த்தேன். லேபிள் கையோடு வந்தது. ஈரமாக இருந்தது.

வண்டி நிமிர்ந்தது. பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி, புது சீட்டாக ஆனது. அதைக் கதிர்வேலும் பார்த்தார். ஷெட் வாசலில் பெட்டியோடு நின்றிருந்த அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போல்ட்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கிப் பின்வாசலில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். மூன்று தடவை பற்றவைக்க வேண்டியிருந்தது. லேபிளையும் அதிலேயே போட்டேன்.

தகவல் தெரிந்து அங்கமுத்து மாஸ்டர் வந்தார். எரிவதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "பிரிச்சாலும் ஊசி ஓட்டை இருக்கத்தானுங்க செய்யும்," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைத் திட்டியே விட்டேன்.

ஆனால் பாப்பா தேறினாள். ஒரே மாதத்தில் ஒன்பது, ஒன்பதரை, பத்து. தலை பென்சில் கோட்டைத் தொட்ட அன்று நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். வண்டியை யாருக்கும் விற்கவில்லை. ஒற்றை சீட்டோடு தார்ப்பாய்க்குள் நிற்கிறது. கதிர்வேல் அந்தப் பக்கமே போவதில்லை.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. மற்ற அம்மாக்கள் புது யூனிபார்ம் வாங்க அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. போன வருஷத்து யூனிபார்மே தேஜஸ்ரீக்குக் கச்சிதமாக இருந்தது. அதில் சந்தோஷப்பட்ட முட்டாள் நான்.

போன ஞாயிறு காலை அவள் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். மத்தியானம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தெரு அமைதியாக இருந்தது. நான் துணி மடித்தபடி அவளைப் பார்த்தேன். விழுந்துவிடுவாள் போல ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங் கண்ணு அத்தனை ஓரமா உக்காந்திருக்கறே? கட்டில் பூராக் காலியாத்தான கெடக்குது?"

"எடம் உட்டிருக்கறேம்மா," என்றாள், தலையைத் தூக்காமல்.

பிறகு நோட்டை மூடிவிட்டுக் குதித்து, பன் தின்ன ஓடினாள்.

விரிப்பைச் சரிசெய்யப் போனேன். அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. காலையில் நான் விரித்தது விரித்தபடியே இருந்தது. என் உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்தினேன். ஒரு இன்ச் இறங்கியது. மெத்தையில் ஒரு குறையும் இல்லை.

முத்தாத்தாள் உட்கார்ந்திருந்த சோபா ஞாபகம் வந்தது.

மெதுவாகச் சுவர்ப் பக்கம் பார்த்தேன். யாரும் உட்காராத அந்தப் பக்கத்தில், விரிப்பு அமுங்கி, பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு தொடைத் தடங்கள். அவை இன்னும் மேலே எழும்பவில்லை.

கழுத்திலிருந்து டேப்பை எடுத்தேன். அளக்காமலே எனக்குத் தெரியும். இருந்தும் அளந்தேன்.

பத்து இன்ச்.