துரை சொன்ன லைன்

துரையின் கல்யாண மோதிரத்தைக் காணோம்! விடிந்ததும் பங்களாவில் ஒரே கூச்சல்.

இலங்கையில் தெமோதரைக்கு ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. நமுனுகுல மலையில் துரைக்குத் தலைவலி என்றால் தேயிலைத் தோட்டமே கஷாயம் காய்ச்சும். முந்தின நாள் தனியாக ஓடைக்குப் போன துரையைக் குளவி கொட்டிவிட்டது. ஆட்கள் தூக்கி வந்தபோதே நினைவில்லை. இரவெல்லாம் பக்கத்தில் இருந்து ஈரத்துணி போட்டவள் ரெங்கம்மா ஆயாதான். காலையில் துரைசானி மோதிரத்தைக் கேட்டதற்கு, துரை அரைக்கண் திறந்து, "ஆன் த லைன்" என்று முனகினார். அதோடு சரி.

சீமையிலிருந்து புதிதாக வந்த துரைசானி துணி காயும் கொடியைப் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் தங்கராஜா துள்ளிக் குதித்தார்.

"லைன்னா லயம்தானே! இவ கழட்டி லயத்துக்குக் கடத்திட்டா!"

கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய், ரெங்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும், மோதிரம் வராவிட்டால் இருட்டுவதற்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவு.

இதே பங்களாவில் பிறந்த பிள்ளைதான் இந்தத் துரை. இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு தேயிலைக்குள் திரிந்தவள் ரெங்கம்மா. படிக்கச் சீமைக்கு அனுப்பிய அன்று அவள் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற மாட்டேன் என்று அழுதானே! எவ்வளவு நல்ல நாட்கள் அவை. இன்றைக்கு அவன் வாயில் வந்த சொல்லே அவளைத் திருடி ஆக்கிவிட்டது.

மத்தியானம் பதுளையிலிருந்து இன்ஸ்பெக்டர் தம்பையா குதிரையில் வந்தார். முதலில் துரையின் வீங்கிய கையைத் தூக்கிப் பார்த்தார்.

"தூக்கிட்டு வந்தப்பவே கை இப்படித்தானா?" என்று ரெங்கம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. வெரல மடக்கக்கூட முடியாத வீக்கம்."

"மோதிரம் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஓடைக்கு எதுக்குப் போனாரு?"

"மீன் பிடிக்கத்தாங்க. தூண்டிலும் மீன் கூடையும் அந்தா வராந்தாவுல கெடக்கு."

தம்பையா கிளாக்கர் பக்கம் திரும்பினார்.

"இந்த விரல்ல மோதிரம் இருந்திருந்தா, உங்களால கழட்ட முடியுமா?"

"எண்ணெய் போட்டாலும் வராதே."

"அப்போ இந்த அம்மா மட்டும் எப்படிக் கழட்டுவாங்க? வீங்குறதுக்கு முன்னாடியே, கொட்டின இடத்துலயே கழட்டியாச்சு. அங்க இருந்தது துரை மட்டும்தான். விரல் இறுகிப் போகுமேன்னு அவரே கழட்டிட்டாரு. இன்னொண்ணு. லயத்தை வெள்ளைக்காரங்க 'லைன்ஸ்'னுதான் சொல்லுவாங்க. இவர் சொன்னது 'லைன்'. ரயில் பாதையும் லைன், துணிக்கொடியும் லைன், எழுதுற வரியும் லைன். மீன் பிடிக்கப் போனவருக்கு எது லைன்?"

அவரே வராந்தாவுக்குப் போய்த் தூண்டில் நூலைப் பிரித்தார். கூடை மூடிக்குக் கீழே, நூலில் இறுக முடிச்சுப் போட்டு, மோதிரம் தொங்கியது!

"திருடன் வேற யாருமில்ல, கிளாக்கர் ஐயா. நீங்க பண்ணின மொழிபெயர்ப்புதான்."

துரைசானி ஓடிவந்து ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளாக்கர் தொண்டையைச் செருமினார்.

"சரி சரி, ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருந்தா நான் என்ன பண்றது? உள்ளே போ ஆயா."

ரெங்கம்மா நகரவில்லை. சிதறிக் கிடந்த தன் துணிமணிகளை நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

"அந்தச் சொல்லுக்கு இத்தனை அர்த்தம் இருக்குதுங்க. லயத்துக்காரின்னா மட்டும் ஒங்களுக்கு ஒரே அர்த்தந்தானா?"