மூன்று தட்டு

காலை பதினோரு மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், பேய்க்கு யார் பயப்படுவார்கள்? அவனும் பயப்படவில்லை. செத்துப்போன அண்ணனின் ஷெட் கதவை இழுத்துத் திறந்தான், ஆயில் கேனைக் கீழே வைத்தான், தூசிக்கு நாலு தும்மல் போட்டான். அவ்வளவுதான்.

வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அவசரம். சோறு ஆறுவதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். அண்ணன் நேர்மாறு. நாற்பத்தெட்டு வருஷத்துப் பழைய காரைத் துருப்பிடித்த கூடாக வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதனோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினார். கடைசியில் அதன் அடியிலேயே நசுங்கிப் போனார். அன்று கூட இருந்தவன் அவசரம் ஒருவன்தான். ஜாக்கி வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னதும் அவன்தான்.

அண்ணி ஒரு வருஷமாக ஷெட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நேற்று போன் செய்தாள்.

"தம்பி, அந்த வண்டி இனிமே என் கண்ணுல படக்கூடாது. ஆனா கட்டி இழுத்துட்டுப் போக விடமாட்டேன். அவர் ஆசைப்பட்ட மாதிரி தானா ஓடித்தான் வெளிய போகணும். நீதான் செஞ்சு தரணும்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்?

புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது. ஒரு வருஷம் கிடந்த வண்டி அப்படிக் கிளம்பாது. அதை அவன் யோசித்திருக்கலாம். பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தான். இன்ஜின் சூடானால்தான் பழைய ஆயில் இளகி இறங்கும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, ஆயில் பிடிக்கும் தட்டை இழுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான்.

அடியில் சூட்டு வாடை. கூடவே இன்னொரு வாடை. தரையில் அண்ணனின் ரத்தம் ஊறிய இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அவன் அதன்மேல்தான் படுத்திருந்தான்.

ரேடியோ அலறும் ஷெட்டில் பேச்சு கேட்காது என்பதால் அண்ணன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அடியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் ஸ்பேனர் கொடு. இரண்டு என்றால் ஜாக்கியை ஏற்று. மூன்று என்றால் வேலை முடிந்தது, ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கு. ஆனால் இறக்கும் முன் குனிந்து பார்க்க வேண்டும். வெளியே வந்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அன்று மூன்று தட்டு கேட்டது. வெளியே நண்பன் பைக்கில் காத்திருந்தான். அவசரம் குனியவில்லை. கேட்கவும் இல்லை. ஸ்டாண்டுகளை உருவிவிட்டு, ஜாக்கியை இறக்கும் கம்பியை ஒரு சுற்று திருப்பினான்.

இப்போது ஆயில் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினான். அசையவில்லை. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். போல்ட்டின் விளிம்பில் சுத்தியல் விழுந்த தழும்புகள்.

எண்ணினான். மூன்று.

அண்ணன் அன்று அவனைக் கூப்பிடவே இல்லை. இறுகிப்போன போல்ட்டை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவனுக்கு அழுகை முட்டியது. இந்த வேலையை முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சுத்தியலை எடுத்து ஸ்பேனர் முனையில் ஓங்கி அடித்தான்.

டொக்.

டொக்.

டொக்.

போல்ட் இளகியது. கொதிக்கும் ஆயில் மணிக்கட்டில் வழிந்தது. அலறப்போனவன் அப்படியே நிறுத்தினான்.

சிமெண்டுத் தரையில் இரும்பு உரசும் சத்தம்.

யாரோ இடப்பக்க ஸ்டாண்டை எடுக்கிறார்கள்.

"அண்ணி?"

வலப்பக்க ஸ்டாண்டும் நகர்ந்தது. ஜாக்கி பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. வலது பெருவிரலில் நகம் இல்லை. பேட்டரி விழுந்து நகம் போன அண்ணனின் அந்த விரலுக்கு அவன்தான் கட்டுப் போட்டிருந்தான்.

கம்பி கிறீச்சிட்டது.

கார் இறங்கியது. முண்டித் தள்ளிய வலது கை இன்ஜினுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டி, விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. நெஞ்சின்மேல் இரும்பு உட்கார்ந்தது. ஒரு விலா எலும்பு மளுக்கென்றது. வாயில் ரத்தம் பொங்கியது. கழுத்தெல்லாம் ஆயில் கொதித்தது.

"அண்ணே! நான் குனிஞ்சு பார்க்கல! கேக்கவும் இல்ல! ஜாக்கி வழுக்கல அண்ணே, நான்தான் இறக்கினேன்! நான்தான் உன்னைக் கொன்னேன்!"

கார் பாதி இறக்கத்தில் நின்றது.

கதவருகே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. காபி தரையில் ஓடி வந்தது. காரின் அடியிலிருந்து பார்த்தான். வெறுங்கால்களைக் காணோம். அந்த இடத்தில் அண்ணியின் செருப்புகள் நின்றன.

"என்ன சொன்னே?"

"அண்ணி... ஜாக்கிய ஏத்துங்க. கம்பிய மேலயும் கீழயும் அடிச்சாப் போதும். மூச்சு விட முடியல அண்ணி."

"ஒரு வருஷமா என் கையால சாப்பிட்டியே தம்பி."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கம்பியைப் பிடித்தாள். பிழைத்தோம் என்று அவன் நினைத்தான்.

டொக். டொக். டொக்.

அவன் காதுக்குப் பக்கத்தில். அவனுடைய வலது கை நசுங்கிக் கிடந்தது. இடது கை நெஞ்சின்மேல் இருந்த இரும்பைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி, தட்டினது நான் இல்ல!"

ஆறு வருஷம் சமையலறையிலிருந்து அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டவள் அவள். மெல்லக் குனிந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். அவள் குரல் குழைந்துவிட்டது.

"என்னங்க, வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்" என்று அவளுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது.

அண்ணி கம்பியைத் திருப்பினாள்.